விண்டோஸ் மறுபடி போட்ட பிறகு டச்சும் சத்தமும் போய்விட்டதா? மடக்கு லேப்டாப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் லேப்டாப் பழுது பார்க்கும் மேசையில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். அருமனையிலிருந்தும் குளச்சலிலிருந்தும் கருங்கலிலிருந்தும் வருகிறவர்கள் கொண்டுவரும் பெட்டிகளில் ஒரு வகை தனி. திரையைப் பின்னால் முழுவதும் மடக்கி டேப்லெட் போலப் பிடித்துக்கொள்ளும் விலை குறைந்த லேப்டாப். புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான்: "ஃபார்மட் செய்து விண்டோஸ் போட்டோம், அதற்குப் பிறகு தொட்டால் அசையவில்லை."

இவற்றில் பெரும்பாலானவை பழுதடைந்தவை அல்ல. ஆனால் "திரை போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று யாரோ சொன்னதை நம்பி, கெடாத திரைக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் ரப்பர் பால் வெட்டியும் முந்திரிக் கம்பெனிக்குப் போயும் சேர்த்த காசு அது. அந்த வருத்தத்தில்தான் இந்தக் கேள்விகளைத் தொகுத்து எழுதுகிறேன்.

ஃபார்மட் செய்வதற்கு முந்தைய நாள் வரை எல்லாம் வேலை செய்தது. ஒரே இரவில் எப்படிப் போகும்?

போகவில்லை. விண்டோஸுக்கு அவற்றோடு பேசத் தெரியாமல் போய்விட்டது. ஒரு பாகத்தோடு விண்டோஸ் பேசுவதற்கான சிறிய மென்பொருள்தான் டிரைவர். யூஎஸ்பி மவுஸைச் செருகினால் "நான் மவுஸ்" என்று அதுவே அறிவித்துவிடும். விண்டோஸிடம் அதற்கான டிரைவர் முன்பே உண்டு. மடக்கு லேப்டாப்பின் தொடுதிரை, டச் பேட், திரை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அறியும் சென்சார் எல்லாம் பெரும்பாலும் ஐ2சி என்ற மெல்லிய இணைப்பில் மாட்டப்பட்டிருக்கும். அவை தாமாகத் தம்மை அறிவிக்காது. இன்ன பெயரில் ஒரு பாகம் இருக்கிறது என்று பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டில் உள்ள அடிப்படை மென்பொருள்) உள்ள பட்டியல் ஒன்று சொல்லும், அவ்வளவுதான்.

விலை குறைந்த மாடல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சைலீட் நிறுவனத்தின் டச் சிப் இவற்றில் நிறைய வரும். அந்தச் சிப்புக்குத் தன் நிரலைச் சேமித்து வைக்கச் சொந்த நினைவகம் கிடையாது. ஒவ்வொரு முறை மின்சாரம் கிடைக்கும்போதும் டிரைவர் ஒரு சிறு கோப்பை அதற்குள் ஏற்ற வேண்டும். அந்தக் கோப்பு அந்தத் திரையின் அளவுக்கும் கண்ணாடிக்குள் ஓடும் கம்பிகளின் அமைப்புக்கும் ஏற்பத் தயாரிக்கப்பட்டது. ஒரே துணியில் தைத்தாலும் ஆளுக்கு ஆள் அளவு வேறு அல்லவா, அது போல. உங்கள் பெட்டிக்கு அளவெடுத்த கோப்பு தொழிற்சாலையில் போட்ட விண்டோஸோடு சேர்ந்து இருந்தது. ஃபார்மட் செய்தபோது அதுவும் அழிந்தது.

இன்னும் ஃபார்மட் செய்யவில்லை. முதலில் என்ன எடுத்து வைக்க வேண்டும்?

இதைக் கேட்பவரைக் கண்டால் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. பத்து நிமிடம் செலவழித்தால் பின்னால் இரண்டு நாள் அலைச்சல் மிச்சம்.

சி டிரைவுக்குள் விண்டோஸ் கோப்புறை, அதனுள் சிஸ்டம்32, அதனுள் டிரைவர்ஸ்டோர், அதனுள் ஃபைல்ரெபாசிட்டரி. இந்தக் கடைசிக் கோப்புறையை அப்படியே ஒரு பென் டிரைவுக்கு நகலெடுங்கள். சில ஜிபி இருக்கும். உங்கள் லேப்டாப்பில் இன்று வேலை செய்துகொண்டிருக்கும் டிரைவர்கள் எல்லாம் இதற்குள் இருக்கின்றன. இணையத்தில் தேடிக் கிடைக்கும் எதையும்விட இது மேல். ஏனென்றால் இது உங்கள் பெட்டிக்கே உரியது. கூடவே சி டிரைவ் முழுவதிலும் எஃப், டபிள்யூ என்ற இரண்டெழுத்துப் பின்னொட்டில் முடியும் கோப்புகளைத் தேடுங்கள். சைலீட் திரையின் அளவுக்கோப்பு அப்படித்தான் முடியும். கண்ணில் பட்டால் தனியே எடுத்து வையுங்கள்.

அடுத்து, கணினியின் பாகங்களைப் பட்டியலிட்டுக் காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து ஒவ்வொரு பிரிவையும் விரித்து, கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு செட்டிங்ஸில் உங்கள் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். இந்தியாவில் விற்கும் பல லேப்டாப்களில் 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' இருக்கும். அதன் உரிமச் சாவி மதர்போர்டிலேயே பதிந்திருப்பதால், அதே பதிப்பை மறுபடி போட்டால் சாவி கேட்காமல் தானாகவே செயல்படத் தொடங்கும். 'ப்ரோ' போட்டுத் தருகிறேன் என்று யாராவது திருட்டுச் சாவியுடன் போட்டுவிட்டால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமம் கையில் இருந்தும் பயனில்லாமல் கிடக்கும்.

கடைசியாக ஒன்று, இதை மறக்கவே கூடாது. பிறர் படிக்க முடியாதபடி டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால், அதாவது குறியாக்கம் செய்யப்பட்டிருந்தால், 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உண்டு. விண்டோஸ் 11 பல கணினிகளில் குறியாக்கத்தைத் தானாகவே இயக்கிவிடுகிறது. அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரை எப்படியாவது தேடிப் பிடிக்கலாம். குழந்தையின் ஞானஸ்நானப் படங்களை அந்தச் சாவி இல்லாமல் மீட்க முடியாது.

லேப்டாப் இயங்கும் நிலையில் இருந்து, மெதுவாகிவிட்டது என்பதற்காக மட்டும் விண்டோஸ் போடுகிறீர்கள் என்றால், விண்டோஸ் நிறுவும் பென் டிரைவைத் தொடவே வேண்டாம். செட்டிங்ஸில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அந்த வழியில் டிரைவர்கள் பெரும்பாலும் தப்பிவிடும்.

எல்லாம் அழிந்த பிறகுதான் இதைப் படிக்கிறேன். இனி வழி இல்லையா?

இருக்கிறது. முதலில் சி டிரைவைத் திறந்து 'விண்டோஸ்.ஓல்டு' என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். ஃபார்மட் செய்யாமல் பழைய பகுதியின் மேலேயே விண்டோஸ் போட்டிருந்தால், பழைய விண்டோஸ் முழுவதும் அதற்குள் நகர்த்தப்பட்டிருக்கும். மேலே சொன்ன அதே ஃபைல்ரெபாசிட்டரி அதற்குள்ளும் இருக்கும். உடனே நகலெடுங்கள், இந்தக் கோப்புறையை விண்டோஸ் சில நாட்களில் தானாக அழித்துவிடும்.

நகலெடுத்த பின், டிவைஸ் மேனேஜரில் கோளாறைக் குறிக்கும் மஞ்சள் முக்கோணம் உள்ள பாகத்தை வலது சொடுக்கி, 'அப்டேட் டிரைவர்', பிறகு 'கணினியில் தேடு' என்பதைத் தேர்ந்து அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். துணைக் கோப்புறைகளையும் சேர்த்துத் தேடும் கட்டத்தில் குறி இருக்க வேண்டும். சரியானதை விண்டோஸே பொறுக்கி எடுத்துக்கொள்ளும்.

அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் அழிந்துவிட்டது. என்ன மாடல் என்றே தெரியவில்லை. துபாயில் இருந்து அண்ணன் கொண்டுவந்தது வேறு.

நம் மாவட்டத்தில் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. வளைகுடாவில் வாங்கிய லேப்டாப்பின் விசைப்பலகையில் அரபு எழுத்தும் சேர்ந்து அச்சாகியிருக்கும். அதைக் கண்டு உள்ளே இருப்பதும் வேறு என்று பயப்பட வேண்டாம். தயாரிப்பாளரின் இணையதளத்தில் டிரைவர் தேடும்போது ஊரைப் பார்க்காதீர்கள், சீரியல் எண்ணைப் பாருங்கள்.

ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தட்டினால் தயாரிப்பாளர், மாடல், பேஸ்போர்டு (மதர்போர்டு) மூன்றும் தெரியும். சீரியல் எண் பயாஸ் திரையில் கிடைக்கும். வாங்கிய அட்டைப்பெட்டி பரணில் இருந்தால் அதன் பக்கவாட்டிலும் அச்சாகியிருக்கும். மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது போதாது. ஒரே பெயரில் இரண்டு மூன்று வகை வைஃபை கார்டுகளோடும் டச் சிப்புகளோடும் பெட்டிகள் வருகின்றன. எந்தப் பெட்டிக்குள் எது போனது என்பதைச் சீரியல் எண்தான் சொல்லும்.

வைஃபையே இல்லை. டிரைவரை எப்படி இறக்குவது?

ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கேபிளால் லேப்டாப்பில் இணைத்து, கைப்பேசியின் செட்டிங்ஸில் 'யூஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். அதற்கான டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே இருப்பதால் உடனே இணையம் வந்துவிடும். விண்டோஸ் 11 நிறுவும்போது இணையம் இல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போக முடியவில்லை என்று திகைப்பவர்களுக்கும் இதே வழிதான். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள் இதற்கு உதவாது. தரவு கடத்தும் கேபிள் வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

டச் பேடும் அசையவில்லை. அம்புக்குறியை எப்படி நகர்த்துவது?

யூஎஸ்பி மவுஸ் ஒன்றைச் செருகுங்கள். பெரிய யூஎஸ்பி துளை இல்லாத பெட்டி என்றால், கைப்பேசிக்குப் பயன்படுத்தும் ஓடிஜி இணைப்பான் போதும்.

எந்த டிரைவரை முதலில் போட வேண்டும்? வரிசை முக்கியமா?

மிக முக்கியம். இணையத்துக்காக வைஃபையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு சிப்செட் (மதர்போர்டில் பாகங்களை இணைக்கும் சிப்புகளுக்கான டிரைவர்). பிறகு 'சீரியல் ஐஓ' என்ற பெயரில் வரும் இன்டெல் டிரைவரும், சிப்புகளுக்கு இடையே சிக்னல் கடத்தும் ஜிபிஐஓ டிரைவரும். அதன் பிறகு கிராஃபிக்ஸ். இவை முடிந்த பிறகுதான் டச், டச் பேட், சென்சார், ஒலி எல்லாம்.

காரணம் எளிது. தொடுதிரை ஐ2சி இணைப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஐ2சியை இயக்குவது சீரியல் ஐஓ டிரைவர். அது இல்லாதவரை டச் டிரைவரை எத்தனை முறை போட்டாலும் பதில் வராது. பாலம் கட்டாத ஆற்றின் அக்கரையில் பஸ்ஸை நிறுத்தி வைத்து என்ன பயன்? ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு மறுதொடக்கம் செய்யுங்கள். அவசரப்பட்டு ஐந்தை ஒன்றாகப் போட்டுவிட்டு வந்த பெட்டிகளில்தான் எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

தொடுதிரை வேலை செய்கிறது, ஆனால் இடப்பக்கம் தொட்டால் வலப்பக்கம் திறக்கிறது.

இது தவறான அளவுக்கோப்பு. சிப்பின் டிரைவர் சரி, உள்ளே ஏற்றிய கோப்பு வேறொரு திரையினுடையது. சில சமயம் தலைகீழாகும், சில சமயம் நாம் தொடும் இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளித் திறக்கும்.

நர்சிங் படிக்கும் ஒரு பெண் இப்படி ஒரு பெட்டியோடு வந்தாள். வேறோர் இடத்தில் திரை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். பெட்டியின் விலையில் பாதியை அதற்கே கேட்டிருந்தார்கள். "அக்கா, அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்" என்று கண் கலங்கி நின்றாள். தயாரிப்பாளரின் இணையதளத்தில் அந்த மாடலுக்கு டிரைவரே இல்லை, பழைய மாடல்களை நீக்கியிருந்தார்கள். உன் வகுப்பில் வேறு யாராவது இதே பெட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்டேன். விடுதியில் பக்கத்து அறைத் தோழியிடம் இருந்தது. இருவரும் ஒரே சமயத்தில் வாங்கியவர்கள். மறுநாள் இருவரும் சேர்ந்து வந்தார்கள். தோழியின் டிரைவர்ஸ்டோரை நகலெடுத்து இவள் பெட்டியில் காட்டியதும், விரல் வைத்த இடத்தில் திறந்தது. ஒரு பாகமும் மாற்றவில்லை.

இப்படிச் செய்வதற்கு முன், இரு பெட்டிகளிலும் டச் பாகத்தின் ஹார்டுவேர் ஐடியை, அதாவது அதன் அடையாளக் குறியை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பாகத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்', 'டீடெயில்ஸ்' பக்கத்தில் அது இருக்கும். சைலீட் சிப் பெரும்பாலும் எம்எஸ்எஸ்எல்1680 என்று காட்டும். கூடிக்ஸ் நிறுவனச் சிப் ஜிடிஐஎக்ஸ் என்று தொடங்கும். சைலீட் என்றால் ஐடி ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. மாடலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐடி வேறுபட்டால் நகலெடுப்பதில் பொருளில்லை.

நிறுவும்போதே திரை பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. மலிவான சிறிய மாடல்கள் சிலவற்றில் போடப்படும் திரை உண்மையில் நெடுக்கு வாக்கில் தயாரிக்கப்பட்ட டேப்லெட் திரை. 800க்கு 1280 புள்ளிகள் என்ற கணக்கில். அதைப் படுக்கவைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். கிராஃபிக்ஸ் டிரைவரும் சென்சார் டிரைவரும் வரும்வரை விண்டோஸுக்கு அது தெரியாது. நிறுவி முடியும்வரை பெட்டியைச் சாய்த்து வைத்துக்கொண்டு வேலை பாருங்கள். முடிந்ததும் டிஸ்பிளே செட்டிங்ஸில் திசையை மாற்றலாம்.

சென்சார் டிரைவர் போட்ட பிறகும் திரை தப்பான பக்கம் திரும்பினால், சென்சாருக்கான பொது டிரைவர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். சென்சார் சிப்பை எந்தக் கோணத்தில் பலகையில் பதித்திருக்கிறார்கள் என்ற குறிப்பு தயாரிப்பாளரின் டிரைவரில்தான் இருக்கும். அது கிடைக்கும்வரை, விண்டோஸ் விசையோடு ஓ விசையை அழுத்தித் திரை சுழல்வதைப் பூட்டி வையுங்கள்.

திரையைப் பின்னால் மடக்கினாலும் விசைப்பலகை அணையவில்லை. மடியில் வைத்தால் எழுத்துகள் தானாக விழுகின்றன.

மடக்கியதை அறிவது கீல் பக்கத்தில் உள்ள காந்தமும் அதை உணரும் சிப்பும். சில மாடல்களில் திரையில் ஒன்று, விசைப்பலகையில் ஒன்று என்று இரண்டு சாய்வு சென்சார்கள். அந்தச் செய்தியை விண்டோஸுக்குக் கொண்டுசெல்வது 'இன்டெல் எச்ஐடி ஈவன்ட் ஃபில்டர்' அல்லது 'வர்ச்சுவல் பட்டன்ஸ்' என்ற பெயரில் வரும் சிறு டிரைவர். தயாரிப்பாளர் தளத்தின் பட்டியலில் கடைசியில் கிடக்கும், எம்பி கணக்கில் மிகச் சிறியது. அதனாலேயே பலர் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் போடுங்கள்.

ஒலி வரவில்லை. ரியல்டெக் டிரைவர் என்று இணையத்தில் கிடைத்ததைப் போட்டேன், ஏறவில்லை.

இன்டெல் ஆட்டம் வகை செயலி உள்ள பெட்டிகளில் ஒலிச் சிப் வழக்கமான எச்டி ஆடியோ வழியில் இணைக்கப்படுவதில்லை. ஐ2எஸ் என்ற வேறு வழியில் போகிறது. அதற்கு இரண்டு டிரைவர் ஜோடியாக வேண்டும்: இன்டெல் எஸ்எஸ்டி (ஸ்மார்ட் சவுண்ட் டெக்னாலஜி) ஒலி டிரைவர் ஒன்று, சிப்புக்குரியது ஒன்று. நீங்கள் போட்டது மேசைக் கணினிக்கான பொதியாக இருக்கும். அது ஏறாததே நல்லது. செலரான் செயலி உள்ள பிற்கால மாடல்களில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

மஞ்சள் முக்கோணம் உள்ள பாகத்தின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் 'கோட்' என்று ஓர் எண் வருகிறது. அதற்கு என்ன பொருள்?

28 என்றால் டிரைவர் இல்லவே இல்லை. 10 என்றால் டிரைவர் இருக்கிறது, பாகம் தொடங்கவில்லை. பொருந்தாத டிரைவராகவோ அடியில் இருக்கும் ஐ2சி கட்டம் விட்டுப்போனதாகவோ இருக்கும். 43 என்றால் பாகமே தவறு நடந்ததாகச் சொல்லி நின்றுவிட்டது. இங்கே வன்பொருள் கோளாறையும் சந்தேகிக்க வேண்டும். 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையொப்பத்தை விண்டோஸால் சரிபார்க்க முடியவில்லை. கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டுப் போடலாம் என்று சொல்லித்தருவார்கள். அதே லேப்டாப்பில் வங்கிக் கணக்கைத் திறப்பவர் அதைச் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பாகத்தின் பெயரே இல்லாமல் 'அன்னோன் டிவைஸ்' என்று மட்டும் இருந்தால், ஹார்டுவேர் ஐடியைப் படியுங்கள். விஇஎன் என்ற எழுத்துகளுக்குப் பின் 8086 வந்தால் இன்டெல், 1022 வந்தால் ஏஎம்டி, 10இசி வந்தால் ரியல்டெக், 14சி3 வந்தால் மீடியாடெக். கேஐஓஎக்ஸ் அல்லது பிஓஎஸ்சி என்று தொடங்கினால் அது சாய்வு சென்சார். அந்த ஐடியை அப்படியே 'மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக்' தளத்தில் இட்டுத் தேடுங்கள். கிடைக்கும் கேப் என்ற சுருக்கிய கோப்பைத் திறந்து உள்ளிருப்பவற்றை ஒரு கோப்புறையில் போட்டு, டிவைஸ் மேனேஜரில் அந்தக் கோப்புறையைக் காட்டினால் போதும்.

அதற்கும் முன்னால் ஓர் எளிய இடத்தைப் பார்த்துவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டுக்குள் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதனுள் 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்'. உங்கள் டிரைவர் அங்கே சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருக்கக்கூடும்.

எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் போட்டுத் தரும் மென்பொருள்கள் உண்டே?

வேண்டாம். மேசைக் கணினியில் அவை ஓரளவு தப்பிப் பிழைக்கலாம். மடக்கு லேப்டாப்பில் அவை பொதுக் கோப்பைப் போட்டு, இடதும் வலதும் மாறிய திரையைத்தான் தருகின்றன. கூடவே நீங்கள் கேட்காத விளம்பர மென்பொருளும் வந்து குடியேறும்.

விண்டோஸ் நிறுவும்போது ஹார்டு டிஸ்க்கே காட்டவில்லை. டிஸ்க் போய்விட்டதா?

பதினொன்றாம் தலைமுறை இன்டெல் செயலியும் அதற்குப் பின் வந்தவையும் உள்ள பல பெட்டிகளில் விஎம்டி என்ற அமைப்பு இயக்கப்பட்டிருக்கும். அதன் பின்னால் உள்ள எஸ்எஸ்டி என்ற சேமிப்பு டிஸ்க், நிறுவும் திரைக்குத் தெரியாது. இன்டெல் ஆர்எஸ்டி என்ற சேமிப்பு டிரைவரைப் பென் டிரைவில் விரித்து வைத்து, அதே திரையில் உள்ள 'லோடு டிரைவர்' பொத்தானை அழுத்திக் காட்டுங்கள். டிஸ்க் வந்துவிடும். புதிய எஸ்எஸ்டி வாங்க நாகர்கோவிலுக்கு வண்டி ஏறுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

என் பெட்டியில் 2 ஜிபி ராம், 32 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11 போடலாமா?

முடியாது. விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி ராமும் 64 ஜிபி சேமிப்பும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 64 பிட்டில் மட்டுமே அது வருகிறது. பழைய ஆட்டம் பெட்டிகள் பலவற்றில் செயலி 64 பிட் ஆனாலும், அதைத் தொடங்கி வைக்கும் யூஇஎஃப்ஐ (புதிய வகை பயாஸ்) 32 பிட். அதனால் 64 பிட் விண்டோஸ் பென் டிரைவைச் செருகினால் பெட்டி அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று பென் டிரைவ் மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. அதன் பிறகு இந்தச் சிறிய பெட்டிகளில் பணப் பரிமாற்றம் செய்யாதீர்கள். பாடம் படிக்க, எழுத, படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள். செலரான் என்4000 போன்ற செயலியும் 4 ஜிபி ராமும் 64 ஜிபியும் இருந்தால் விண்டோஸ் 11 போடலாம். 64 பிட் விண்டோஸ் 10க்கு வந்த டிரைவர்கள் அதில் பெரும்பாலும் அப்படியே ஏறும். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறவே ஏறாது.

எல்லாம் சரியாகி ஒரு வாரம் நன்றாக ஓடியது. திடீரென்று டச் மறுபடி போய்விட்டது.

விண்டோஸ் அப்டேட் புதியது என்று நினைத்து, பொது டிரைவரை மேலே ஏற்றியிருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பாகத்தின் 'டிரைவர்' பக்கத்தில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் உண்டு. அழுத்தினால் முந்தையது திரும்பும். பிறகு 'டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்' என்று தேடி, தானாகப் பதிவிறக்கும் கேள்விக்கு 'வேண்டாம்' என்று கொடுங்கள். விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட்டுகள் இதனால் நிற்காது.

கெட்டது டிரைவரா, பாகமா என்று வீட்டிலேயே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். பயாஸ் திரைக்குள் போங்கள். அங்கும் விசைப்பலகை வேலை செய்யவில்லை என்றால் அது விண்டோஸ் டிரைவரின் குற்றம் அல்ல. வைஃபைக்கும் கேமராவுக்கும், லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளம் உள்ள பென் டிரைவில் இருந்து பெட்டியைத் தொடங்கிப் பாருங்கள், நிறுவத் தேவையில்லை. அங்கே வேலை செய்தால் பாகம் உயிரோடு இருக்கிறது. அங்கே வேலை செய்யாவிட்டால் மட்டும் பாகம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். லினக்ஸுக்கும் தெரியாத சிப்புகள் உண்டு. தொடுதிரைக்கு இந்தச் சோதனை பெரும்பாலும் பொருந்தாது, காரணம் அதே அளவுக்கோப்புதான்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வரும் பெட்டிகளைத் திறந்தால், ரிப்பன் கேபிள் செருகும் இடத்தில் பச்சைப் பூத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். உப்புக் காற்றின் வேலை. டிரைவர் சரியாக இருந்தும் டச் விட்டுவிட்டு வந்தால், கேபிளைக் கழற்றித் துடைத்து மறுபடி செருகினாலே பல நேரம் சரியாகிவிடும். இதற்கும் திரை மாற்ற வேண்டியதில்லை.

பயாஸ் அப்டேட் செய்தால் சரியாகுமா?

தயாரிப்பாளர் அந்தக் கோளாறுக்கென்றே வெளியிட்டிருந்தால் மட்டும் செய்யுங்கள். நடுவில் மின்சாரம் போனால் பெட்டி எழுந்திருக்காது. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். ஐப்பசி மாதத்தில் பிற்பகல் இடி கேட்கும் நாளில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

தமிழில் தட்டச்சு செய்வதும் போய்விட்டது. அதற்கு எந்த டிரைவர்?

டிரைவர் எதுவும் வேண்டாம். செட்டிங்ஸில் மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 அல்லது ஒலிப்பு முறை விசைப்பலகையைத் தேர்ந்தெடுங்கள். மொழிகளுக்கு இடையே மாற விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும்.

இத்தனையும் செய்து பார்த்தும் முடியவில்லை. கடைக்கு வரும்போது என்னென்ன கொண்டுவர வேண்டும்?

சார்ஜரை மறக்காதீர்கள். மடக்கு லேப்டாப்களின் சார்ஜர் முனை ஆளுக்கொரு அளவு, என்னிடம் பொருந்துவது இல்லாமல் போகலாம். வாங்கிய அட்டைப்பெட்டி இருந்தால் அதன் படம். ஃபார்மட் செய்தவர் பயன்படுத்திய பென் டிரைவ் கிடைத்தால் அதுவும். கடைசியாக எது எதைப் போட்டுப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். தவறாகப் போட்டதையும் கூச்சப்படாமல் எழுதுங்கள், அதுதான் எனக்கு மிகவும் உதவும். எந்தக் கடைக்குப் போனாலும், யாராவது திரை மாற்ற வேண்டும் என்று சொன்னால், டிவைஸ் மேனேஜரைத் திறந்து டச் பாகத்தின் கோட் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். 28 என்று இருந்தால் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.